கனடாவைத் தோற்கடித்த ஐஸ்பழக் குச்சி

கனடா என்ற தேசத்தை நான் ஒரு தடவை தோற்கடித்திருக்கிறேன். படை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. கையில் இருந்தது ஓர் ஐஸ்பழக் குச்சி மட்டும். அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இடையில் பகல் தூக்கத்தையும் நான் விடவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தப் பொன்னையா சொன்னதை நம்பியவர்களுக்கென்று பதுளையில் ஒரு கூட்டம் வைத்தால், நாற்காலி போடவேண்டிய அவசியமே வராது. ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் வாசித்தவன் நான். பசறையிலிருந்து ஹல்துமுல்லை வரைக்கும் உள்ள நாய்களுக்கு என் வாசம் தெரியும். பெரகலைக்கு மேலே ஒரு தேயிலை மலையில் சிறுத்தை ஒன்று என் வழியை மறித்தது. நான் பில்லை நீட்டினேன். அது தொகையைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்லச் சிறுத்தையும் வளர்ந்தது, பில்லும் வளர்ந்தது.

ஆனால் இப்போது சொல்லப்போவது நடந்தது. என் கஷ்டமே அதுதான்.

முதலில் எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலிஎலைக்குப் போகும் வழியில் இருக்கிற வீடு. பழைய பாதி நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கட்டியது. அங்கே பிளக் போடும் ஓட்டைகள் எல்லாம் உருண்டை. புதுப் பாதி மகள் அனுப்பிய காசில் கட்டியது. அங்கே எல்லாம் சதுரம். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. கீழே தட்டினால் கரண்ட் வரும், மேலே தட்டினால் நிற்கும். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

சதுர ஓட்டைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மேலே இருக்கிற எர்த் ஓட்டைக்குள் ஏதாவது நுழைந்தால்தான் கீழே இருக்கிற இரண்டும் வாய் திறக்கும். நம் கைக்கு வருகிற சாமானில் பாதிக்குப் பிளக்கில் இரண்டு கால்தான். அதனால் மேல் ஓட்டையில் எதையாவது குத்தித்தான் அதை ஏமாற்ற வேண்டும். கந்தோர்களில் கிளார்க்குகள் பேனா மூடி வைத்திருப்பார்கள். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு அறை கொடுக்கிறவர்கள் பல் துலக்கும் பிரஷின் வாலை வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஓர் ஐஸ்பழக் குச்சி. என் மனைவி கருப்பம்மா அதன் ஒரு முனையைக் கத்தியால் சீவி, ஓட்டைக்கு அளவாக்கி வைத்திருந்தாள். ஆண்டுக்கணக்கான அழுக்கில் அது கறுத்துப்போயிருந்தது. அதன் இடம் பிரிட்ஜின் தலைமேல், வலது மூலை. இப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று நான் உங்களுக்கு அறிவுரை சொல்லவேண்டும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

கருப்பம்மா தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவள் வயதுக்கு வந்த பிறகுதான் அந்த லயத்துக்குக் கரண்ட் வந்தது. அதனால் கரண்டை அவள் சுவருக்குள் குடியிருக்கும் பாம்பாகவே நடத்துவாள். வேலை முடிந்ததும் சுவிட்சை மேலே தட்டிவிடுவாள். நமுனுகுல மலைப்பக்கம் முதல் இடி கேட்டதும் வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவாள். ஒரு தடவை பட்டரியில் ஓடும் கடிகாரத்தையும் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்தாள். படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வருவாள். அந்தச் சுற்றில் அவள் கை தானாக வேலை செய்யும். புத்திக்கு அதில் பங்கில்லை.

போன ஒக்டோபரில் கனடாவிலிருந்து எங்கள் ஒரே மகள் நிரஞ்சலாவும் மருமகன் ரஜீவும் வந்தார்கள். நிரஞ்சலாவுக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளைப்பேறு பார்க்க அம்மாவை ஆறு மாதம் கூட்டிக்கொண்டு போவது திட்டம். விசாவும் கிடைத்தாயிற்று. கருப்பம்மா போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

"அப்பா என்னா சொல்றாருன்னு கேளு," என்றாள்.

"அவ இஷ்டம்," என்றேன் நான்.

இந்த விஷயமாக எங்களுக்குள் நடந்த முழுப் பேச்சும் அதுதான். போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சுப் பழக்கமில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவளிடம் சாப்பாடு, பில், மழை, இவற்றைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன், சிறுத்தையைப் பற்றியும்.

அவள் போகக்கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் குளிர். கனடாக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. காரணம் அது ஒன்றுதான். எனக்குத் தேத்தண்ணி வைக்கத் தெரியாது என்பதோ, பக்கத்துக் கட்டிலில் அவள் இருமும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும் என்பதோ காரணம் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

வந்த அன்றைக்கே ரஜீவ் தன் போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடிச் சுவரைச் சுற்றி வந்தார். ஏழு வயதில் பண்டாரவளையை விட்டுப் போனவர், நல்ல பிள்ளை. கனடாத் தட்டைக் கால்கள் நம் ஓட்டை எதற்குள்ளும் நுழையாது என்று யாரோ சொல்லி, அங்கேயே ஓர் அடாப்டர் வாங்கி வந்திருந்தார். அதற்கு இரண்டு உருண்டைக் கால். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய சாமான், வழி தவறிப் பதுளைக்கு வந்திருந்தது. கருப்பம்மா குச்சியை எடுத்து மேல் ஓட்டையில் குத்தினாள். மருமகன் இரண்டடி பின்னால் போனார்.

"மாமி, அதுக்குள்ள கரண்ட் இருக்கு."

"இருந்தா இருக்கட்டுங்க மாப்பிள்ள. நம்மளா உள்ள போறோம், குச்சிதானே போகுது."

"அங்க இப்படி சுவிட்ச் எல்லாம் இல்ல மாமி. சொருகினா வேலை செய்யும்."

"எந்நேரமும் கரண்ட் தொறந்தே கெடக்குமா," என்றாள் கருப்பம்மா. "ஊரா அது."

மறுநாள் காலை போன் செத்துக் கிடந்தது. படுக்கும்போது சுற்று வந்தவள் சுவிட்சை மேலே தட்டியிருந்தாள்.

"அம்மா, நீங்களா நிப்பாட்டினீங்க," என்று நிரஞ்சலா கேட்டாள்.

"நான் எங்க நிப்பாட்டுனேன். அத தொடவே இல்லையே."

அவள் பொய் சொல்லவில்லை. கை செய்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரஞ்சலாவின் புருவத்துக்கு நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. "ஞாபகம் இல்லையாம்மா," என்று மெதுவாகக் கேட்டாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன மடிப்புக்குள் கனடா தேசத்தின் வாசற்கதவு சாத்திக்கொள்வது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பச்சைப் பிள்ளையை ஒப்படைக்கிற கைக்கு ஞாபகம் முக்கியம் அல்லவா.

நான் ஆரம்பித்தது சோற்றில். கருப்பம்மா ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போலப் போய் அதை மேலே தட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் மூடியைத் திறந்தால் தண்ணீரில் அரிசி ஊறிக் கிடந்தது. மறுநாளும் அதையே செய்தேன். மூன்றாம் தடவை அவள் குக்கருக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதனால் குச்சிக்கு மாறினேன்.

குச்சி சீனி டின்னுக்குள்ளிருந்து வந்தது. அடுத்து பிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில். அடுத்து சாமிப் படத்துக்குப் பின்னால், பூவோடு பூவாக. ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டியது நிரஞ்சலாதான் என்பதால், அவள் கை போகிற இடமாகப் பார்த்து வைத்தேன். இதில் ஒரு கலை உண்டு. ஆனால் பெருமையடிக்க இது இடமில்லை.

கனடாவும் எனக்கு உதவி செய்தது. அங்கே லைட் சுவிட்சை மேலே தட்டினால்தான் எரியுமாம். மருமகன் குளிப்பதற்கு முன்னால், கருப்பம்மா கீழே தட்டி வைத்திருந்த சுடுதண்ணி ஹீட்டர் சுவிட்சை அக்கறையாக மேலே தட்டிவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, பதுளைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார். "மாமி மறந்து நிப்பாட்டிட்டாங்க போல," என்றார், மரியாதையாக. அதில் என் கை இல்லை. இருந்தாலும் நான் மறுக்கவில்லை.

முழங்கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிரஞ்சலா அம்மாவின் முழங்கால் வலிக்குச் சூடு கொடுக்கிற பட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள். கனடாக் கரண்ட் நம் கரண்டில் பாதிதான். அதனால் நம் கரண்டைப் பாதியாக்கித் தரும் கனமான ஒரு பெட்டியும் கூடவே வந்தது. "இந்தப் பெட்டியில சொருகித்தான் போடணும்மா, நேரா சுவருல போட்ராதீங்க," என்று அவள் பல தடவை சொன்னாள். நான் அந்தப் பெட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து, மருமகனுடைய அடாப்டரால் பட்டியை நேரே சுவரில் சொருகி வைத்தேன். கருப்பம்மா வந்து, பட்டியை முழங்காலில் கட்டிக்கொண்டு, சுவிட்சைத் தட்டினாள். தோலில் இரண்டு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்தது, கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் தடவிவிட்டது நான்தான். அந்த அளவுக்கு அவள்மேல் எனக்கு அக்கறை.

"பெட்டிய நான் எடுக்கலையே," என்று அவள் சொன்னாள். பிறகு, "எடுத்திருப்பேனோ," என்றாள்.

டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என்ன கிழமை என்று கேட்டார், மூன்று சொல் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு வட்டம் வரைந்து, அதைக் கடிகாரமாக்கிப் பத்தேகால் மணி காட்டச் சொன்னார். கருப்பம்மா பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். சரியாகத்தான் வரைந்தாள். வரைந்துவிட்டு, "சரியா இருக்குங்களா ஐயா," என்று கேட்டாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு அட்டைக்கடியைக்கூட லட்சியம் செய்யாமல் மலை ஏறியவள், ஒரு காகிதத்துக்குப் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். உண்மையைச் சொல்வதற்கு வசதியான நேரம் அது. டொக்டருடைய மேசை விசிறி உருண்டைக் கால் பிளக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதைக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, கவனித்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். வான் வண்டியில் திரும்பி வரும்போது நிரஞ்சலா, "இந்த நெலமையில அம்மாவ எப்படிக் கூட்டிட்டுப் போறது," என்று ரஜீவிடம் கிசுகிசுத்தாள்.

கனடா தோற்றது. அன்றைக்குப் பகல் நான் நன்றாகத் தூங்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரணக் கெட்டவன். ஆனால் ஜெயித்தவனுக்கு இன்னொரு தடவை ஜெயித்துப் பார்க்க ஆசை வரும். மறுநாள் காலை கருப்பம்மா டவுனுக்குப் போய் வருகிறேன் என்று தனியாகப் பஸ் ஏறினாள். வழி மறந்துவிடுவாளோ என்று நிரஞ்சலா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். கருப்பம்மா கறிவேப்பிலைக் கட்டோடு திரும்பி வந்தாள். பின்னேரம் நான் பிரிட்ஜின் தலைமேல் கையை விட்டால், குச்சி இல்லை. வீடெல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை. ஒரு நிமிடம் எனக்கே பயம் வந்தது: இவளுக்கு மெய்யாகவே மறதி வந்துவிட்டதோ.

குச்சி இல்லாமல் தொழில் நடக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தூறலில் நின்று, சிவப்பு ஐஸ்பழம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. ஆனால் பெரிய காரியங்களுக்குத் தியாகம் தேவை. குச்சியைக் குழாயில் கழுவினேன். சிவப்பு முழுக்கப் போகவில்லை. அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.

நிரஞ்சலா சுண்டுப் படியால் அரிசி அளக்கும்போது அது வந்தது. அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். கருப்பம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதைப் பிரிட்ஜின் தலைமேல் வைத்தாள். பாவம், குழம்பிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் நிரஞ்சலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்க முடிவு பண்ணிட்டோம்பா. ஆறு மாசம் இல்ல. அம்மாவ ஒரேயடியா கூட்டிக்கிட்டுப் போறோம். அங்க நல்ல டொக்டருங்க இருக்காங்க. மத்தத அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"அப்ப நான்?"

"நீங்க அட்டன்ல சித்தப்பா வீட்ல இருங்க. இந்த வீட்ட வித்துருவோம். அம்மா இல்லாம உங்களால ஒரு தேத்தண்ணி வச்சுக் குடிக்க முடியுமாப்பா?"

அதை மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை.

மறுநாள் காலை இப்றாஹீம் நானாவின் கடைக்குப் போனேன். பதுளைப் பஸாரில் வயர், பல்ப், பிளக் விற்கிற கடை. நான் சொன்ன எதையும் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரே மனிதர். மற்றவர்கள் பாதியையாவது மரியாதைக்கு நம்புகிற மாதிரிக் காட்டுவார்கள். அவர் வயர் சுருளை அளந்துகொண்டிருந்தார்.

"நானா, ஒரு உண்மை சொல்லணும்."

"எப்பயிருந்து இந்தப் பழக்கம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, சீனி டின், முழங்கால், டொக்டர், குளிர் ஒத்துக்கொள்ளாது என்ற காரணம், ஒன்று விடாமல். அவர் வயரை அளப்பதை நிறுத்தவில்லை.

"பொன்னையா, நீங்க பல்ப் மாத்தவே பக்கத்து வீட்டுல ஆள் கூப்பிடுறவர். கரண்ட் விளையாட்டெல்லாம் உங்களால ஏலாது."

"சுவிட்சத்தானே நானா தட்டுனேன்."

"சிறுத்த சுகமா ஈக்குதா?"

"நெசமாத்தான் நானா. புள்ள அவள ஒரேயடியா கூட்டிக்கிட்டுப் போவப்போறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா நம்புவா."

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "இத கருப்பம்மாக்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கும் சொல்லல்ல எண்டு வெச்சுக்கொள்ளுங்க. நான் நம்பல்ல."

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரம். ஹோலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. கருப்பம்மா சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நமுனுகுலப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் நடுவில் போய் நின்று, செய்தது எல்லாம் நான்தான் என்று சொன்னேன். வரிசையாக, நிதானமாக, இப்போது உங்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

நிரஞ்சலா எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குச் சொகமில்லன்னு ஒத்துக்க உங்களால முடியல. அதுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களேப்பா."

அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தக் கனத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"அம்மா எங்க வச்சாங்கன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிச்சீங்களாப்பா," என்றாள், இன்னும் அழுதுகொண்டு.

"மாமா, நீங்க ரொம்பப் பெரிய மனுசன்," என்றார் ரஜீவ். என்னைப் பற்றி யாராவது சொன்ன மிக உயர்ந்த வார்த்தை அது. நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையை நம்பாததால் அது எனக்குக் கிடைத்தது.

கடைசி வழியாக, செய்து காட்டுகிறேன் என்றேன். குக்கரைப் போடுங்கள், நீங்கள் எல்லோரும் இங்கே இருக்கும்போதே ஒருவர் கண்ணிலும் படாமல் நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். நிரஞ்சலா மனமில்லாமல் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. கருப்பம்மா மடித்த சேலையை வைத்துவிட்டுப் போய் வீட்டிலிருந்த பிளக் எல்லாவற்றையும் பிடுங்கினாள். அவள் கடைசிப் பிளக்கைப் பிடுங்கும்போது ஊருக்கே கரண்ட் போயிற்று. இல்லாத கரண்டை எப்படி நிறுத்திக் காட்டுவது.

குடையை மடக்கிக்கொண்டு இப்றாஹீம் நானா உள்ளே வந்தார். பயணத்துக்கென்று தொதல் இனிப்பு ஒரு பார்சல் கொண்டு வந்திருந்தார்.

"இவருகிட்ட கேளுங்க," என்றேன்.

நானா முகத்தைத் துடைத்தார். கருப்பம்மாவைப் பார்த்தார். பேசியது கருப்பம்மா.

"அப்பா சொன்னது நெசந்தான் புள்ள. எனக்கு ஒண்ணுமில்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

"எப்பயிருந்து தெரியும்," என்று கேட்டேன்.

"செவப்புக் குச்சி வந்த அன்னைக்கு. குச்சியப் பாத்தேன், ஒங்க நாக்கப் பாத்தேன். ரெண்டும் ஒரே செவப்பு."

"ஏன் சொல்லலம்மா," என்றாள் நிரஞ்சலா.

"இவரு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். குச்சிய ஒளிச்சாரு, சோத்தக் கெடுத்தாரு, காலச் சுட்டாரு. போவாதன்னு சொல்ல மட்டும் வாய் வரல." என் பக்கம் திரும்பினாள். "இப்பவாச்சும் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிறுத்தைக்கு நீட்ட ஒரு பில்லாவது இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அங்க சுவிட்ச் எல்லாம் தலகீழு," என்றேன். "ஒனக்குக் கஷ்டமா இருக்கும்."

கருப்பம்மா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பேறு பாக்கப் போறேன். ஆறு மாசத்துல திரும்பி வந்துருவேன். வீட்ட யாரும் விக்க வேணாம். தேத்தண்ணி வைக்க நீங்க படிச்சுக்கோங்க."

நிரஞ்சலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருவ நடுவில் அந்த மடிப்பு அப்படியே இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு சொல்றீங்க. அவரு உங்களுக்காகப் பொய் சொல்றாரு, நீங்க அவருக்காகச் சொல்றீங்க. ஒரேயடியா வரணும்னதும் பயந்துட்டீங்க." பிறகு நானாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. எங்கப்பா சொல்ற எதையும் நீங்க நம்பமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். இது நடந்துச்சா?"

நானா சட்டைப் பைக்குள் கை விட்டார். ஒரு முனை சீவிய, கறுத்துப்போன பழைய குச்சியை எடுத்தார். பிரிட்ஜின் தலையிலிருந்து சிவப்புக் குச்சியை எடுத்து வந்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டொக்டர்கிட்ட போன மத்த நாள் அம்மா என்ட கடைக்கு வந்தா," என்றார். "'நானா, எனக்கு மூளை பெசகிட்டுதா எண்டு எனக்கே தெரியல்ல. இந்தக் குச்சி உங்கக்கிட்ட இருக்கட்டும். எனக்கு ஒரு மூணு கால் அடாப்டர் தாங்க. இனிமே வீட்டுல எங்கயாச்சும் குச்சி கெடந்தா, அத வெச்சது நானில்ல' எண்டா. அண்டைக்கே அரிசிக்குள்ள இந்த செவப்பு வந்திருக்கு. மத்த நாள் விடியவே போன் பண்ணிச் சொன்னா. அவரா வாய் தொறக்குற வரைக்கும் நம்பாத மாதிரி இருங்க எண்டு கேட்டுக்கொண்டா. இருந்தேன்."

வெளியே மழை தகரத்தில் கொட்டியது. நானா என் பக்கமே பார்க்கவில்லை.

"இந்த மனுசன்ட சிறுத்தைய நான் இண்டைக்கும் நம்பல்ல மகள். ஆனா இது நடந்தது. சொன்னது எல்லாம் மெய். குளிர் ஒத்துக்காது எண்டாரே, அது மட்டும்தான் பொய்."